எல்டர் தம்பியும் ஞாயித்துக்கிழமை கணக்கும்

டிஸ்கி: மதமாற்றம் சரியா தப்பாங்கற பதிவு இல்ல இது. அந்தக் கும்மிக்கு வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

டெக்சாஸ் மாநிலம் இர்விங்ல ஆணி புடுங்கிட்டிருந்த காலம். நான் இருந்த அபார்ட்மென்ட்ல பாதி நம்மாளுங்க, மீதி ஸ்பானிஷ் பேசற குடும்பங்க. கீழ்வீட்டுல ரெண்டு மார்மன் பசங்க. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ். அதுல 'எல்டர்'னு போட்டிருக்கும். அதாவது பெரியவர். பெரியவருக்கு வயசு 19. மீசை கூட சரியா முளைக்கல.

திங்கக்கிழமைதான் அவங்களுக்குத் துணி துவைக்கற நாள், வீட்டுக்குப் போன் பேசற நாள். (2019 பிப்ரவரிக்கு முன்னாடி கிறிஸ்துமஸ், அன்னையர் தினம்னு வருஷத்துக்கு ரெண்டே போன்தானாம்!) வாஷிங் மெஷின் ரூம்லதான் ஐடஹோ தம்பி எனக்குப் பழக்கமானான்.

அவனோட வாரத்தைக் கேளுங்க. காலைல 6.30க்கு எழுந்து வேத புத்தகமும் ஸ்பானிஷும் படிக்கணும். கூரை வேலைக்குப் போற ஹோண்டுராஸ்காரர் வீடு மாத்தினா சோபா தூக்கணும். ஒரு நாள் சாயங்காலம் இலவச இங்கிலீஷ் கிளாஸ். பள்ளிக்கூடத்துல இருந்து கடுதாசி வந்தா படிச்சு அர்த்தம் சொல்லணும். ராத்திரி யாராவது வீட்டுல உக்காந்து மதப் பாடம். இதுக்குச் சம்பளமா? இவன்தான் கட்டணும் சாமி! 2020 ஜூலைல இருந்து மாசம் 500 டாலர். மொத்தம் ரெண்டு வருஷம்.

"மதம் மாத்தற கும்பல், கதவைத் தொறக்காத மச்சி" என்றார்கள் நம்ம பசங்க. சரி மச்சி. அதே மாடில மூணு வருஷம் இருந்தோமே, எதிர்வீட்டு அக்கா பேர் என்ன? 'ஓலா'வைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியிருக்கோமா? சில வாரப் பயிற்சியை வச்சுக்கிட்டு தப்புத் தப்பா பேசற இவனை அந்த அக்கா 'மிஹோ'ன்னு கூப்பிடும். மகனேன்னு அர்த்தம். நம்மள யாரும் அப்படிக் கூப்பிடல.

ஆக, என் கோபம் பையன் மேல இல்ல. கணக்கு மேல.

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி படிக்கட்டுல உக்காந்து போன்ல ஏதோ தட்டிட்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். இந்த வாரம் புதுசா பாடம் கேட்டவங்க எத்தனை பேர், ஆராதனைக்கு வந்தவங்க எத்தனை பேர், ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிச்சவங்க எத்தனை பேர். அடப்பாவிகளா, இது நம்ம வீக்லி ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் ஆச்சே!

"அந்த அக்கா ஞானஸ்நானம் வேண்டாம்னு சொல்லிட்டா, அதுக்கப்புறமும் வாராவாரம் அவங்க வீட்டுக்குப் போவியா தம்பி?"ன்னு கேட்டேன். சிரிச்சான். பதில் சொல்லல.

இந்தக் கணக்கு எங்க கொண்டுபோய் விடும்னு அவங்க சபைக்கே தெரியும். சிலி நாட்டுல 2002ல சபைப் பதிவேட்டுல 5 லட்சத்துக்கு மேல உறுப்பினர்கள். அதே வருஷம் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல 'நான் மார்மன்'னு சொன்னவங்க 1,03,735 பேர். குழந்தைகளைக் கழிச்சாலும் இடிக்குதே? பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்ல ஒருத்தரா அப்போ இருந்த ஜெஃப்ரி ஹாலண்டையே ரெண்டு வருஷம் அங்க தங்கிப் பார்த்துக்க அனுப்பினாங்க. மெக்சிகோவுல 2010ல பதிவேடு சொன்னது 12 லட்சத்துக்கு மேல. மக்கள் சொன்னது 3,14,932.

"எண்ணாம எப்படிய்யா வேலை நடக்கும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா சப்போர்ட் புராஜெக்ட்ல இருந்தவங்களுக்குத் தெரியும். எத்தனை டிக்கெட் மூடினேன்னு எண்ண ஆரம்பிச்ச அன்னிக்கே டிக்கெட்தான் மூடும், பிரச்சினை மூடாது. மூடினது பூரா அடுத்த மாசம் திரும்பி வரும். மனுஷங்க டிக்கெட் மாதிரி திரும்பி வரக்கூட மாட்டாங்க. சத்தமில்லாம வராம போயிடுவாங்க, அவ்வளவுதான்.

இதுல எனக்கு வலிக்கறது ஒண்ணுதான். ஊர் விட்டு ஊர் வந்து, மொழி தெரியாம, கடுதாசியைப் பார்த்தாலே பயப்படற குடும்பம் அது. உதவி பண்ண வந்த கையைப் பிடிச்சுக்கத்தான் செய்யும். அந்தப் பிடிப்புக்குப் பேர் விசுவாசமா நன்றியா? அதைத் தெரிஞ்சுக்கற அளவுக்கு அவங்களுக்கும் பையனுக்கும் நேரம் கொடுக்காம, ஞாயித்துக்கிழமை வந்தா நம்பர் கேக்கறது அந்த அக்காவுக்கும் துரோகம், 19 வயசுப் பையனோட நல்ல மனசுக்கும் துரோகம்.

பாடம் நடத்துங்க, வேண்டாங்கல. எண்ணித்தான் ஆகணும்னா, 'வேண்டாம்'னு சொன்ன வீட்டுக்கு ஒரு வருஷம் கழிச்சும் எத்தனை தடவை போனோம்னு எண்ணுங்க. அந்த ஒரு நம்பர் போதும்.

நம்ம பசங்களுக்கு இன்னும் ஈஸி. எதிர்வீட்டு அக்கா பேரைக் கேட்டு வைங்க, மக்கா.