குருளை ஒன்று வீட்டிற்கு வருமுன்

தில்லியிலோ மும்பையிலோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், “நாய் வளர்க்கலாமா?” என்று பிள்ளைகள் கேட்டால், அடுத்து எழும் கேள்வி “எந்த இனம்?” என்பதாகவே இருக்கிறது. லாப்ரடார், பக், ஹஸ்கி என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. நாயின் குட்டியைக் ‘குருளை’ என்று சொல்லும் மரபைத் தொல்காப்பியத்தின் மரபியல் பதிவு செய்துள்ளது. அக்குருளைக்கு இனச்சான்றும் விலையும் சேர்ந்தது மிகப் பிற்காலத்தில்தான். இனத்தைப் பற்றிக் கேட்பது தவறன்று. அதையே முதலில் கேட்பதுதான் தவறு. ஒரு நாய் பொதுவாகப் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழும். ஆறாம் வகுப்புச் சிறுமி ஆசைப்பட்டு வாங்கும் குட்டி, அவள் கல்லூரிப் படிப்பை முடிக்கும் காலத்திலும் உயிரோடிருக்கும். அதற்குள் பெற்றோருக்கு எத்தனை ஊர்களுக்கு மாறுதல் வரும் என்பதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாயினங்கள் பலவும் ஒரு வேலைக்காக மனிதரால் உருவாக்கப்பட்டவை. சைபீரியாவின் பனிவெளியில் சறுக்குவண்டி இழுக்க ஹஸ்கி வளர்க்கப்பட்டது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்க்கு உதவிய நாய்களின் வழித்தோன்றலே இன்றைய லாப்ரடார். வேலை மறைந்துவிட்டது, அவ்வேலைக்கேற்ற உடல் மட்டும் எஞ்சியிருக்கிறது. இரட்டை அடுக்கு மயிர்ப்போர்வை கொண்ட ஹஸ்கி, மே மாதத்தில் வெப்பம் 45 பாகை செல்சியசை எட்டும் தில்லியில் என்ன செய்யும்? குளிர்சாதன அறைக்குள் அடைந்து கிடக்கும். மின்சாரம் நின்றால் துன்புறும். அந்நாயை அங்கே வளர்ப்பது அன்பு என்று சொல்லப்பட்டாலும், அதில் அன்பைவிட அழகின் மீதான ஆசையே மிகுதி.

பக் இனத்தின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கைப்பேசி நிறுவன விளம்பரத்தில், ஒரு சிறுவன் செல்லுமிடமெல்லாம் ஒரு பக் பின்தொடர்ந்தது. நாடெங்கும் அவ்வினத்தின் மீது மோகம் பரவியது. நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை; வாயைத் திறந்து நாவை நீட்டி மூச்சிரைப்பதன் வழியாகவே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூக்கு தட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யப்பட்ட பக்கிற்கு மூச்சுவழி குறுகியது. கேட்போர்க்கு வேடிக்கையாகத் தோன்றும் அதன் குறட்டை, உண்மையில் அது காற்றுக்குப் படும் பாடு.

குட்டி எங்கிருந்து வருகிறது என்பதும் எண்ணத்தக்கது. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் துள்ளும் குட்டியைப் பார்ப்பவர், அதன் தாயைப் பார்ப்பதில்லை. ஓய்வின்றி ஈன்றுகொண்டே இருக்கும்படி கூண்டில் வைக்கப்பட்ட தாய்நாய்கள் பல உண்டு. நாய் இனப்பெருக்கத்திற்கும் விற்பனைக்கும் நடுவணரசு 2017 இல் விதிகள் வகுத்தது. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் பழகும் அந்த வாரங்களில்தான் ஒரு குட்டி, கடியின் அளவையும் விளையாட்டின் எல்லையையும் கற்கிறது. தாயைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் குட்டி வாங்கக் கூடாது. வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கலாகாது.

“அப்படியானால் நம் நாட்டு இனமான ராஜபாளையத்தை வாங்கலாமே” என்று சிலர் கூறுவர். அப்பெருமிதம் இயல்பானது. இந்திய அஞ்சல் துறை 2005 இல் வெளியிட்ட நாயின அஞ்சல்தலைகளுள் ராஜபாளையமும் இடம்பெற்றது. ஆயினும் வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்ந்த அந்நாய்க்கு ஓடுவதற்கு நிலம் வேண்டும். நான்காம் மாடியின் பால்கனி அதற்குச் சிறையாகும். மேலும், அந்த வெண்மை நிறத்தோடு செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவதும் உண்டு. ஆகவே சொந்த மண்ணின் இனம் என்பது மட்டும் போதிய காரணமாகாது.

இனி, மீட்கப்பட்ட நாய். பேச்சு வழக்கில் ‘ஜாதி நாய்’ என்றும் ‘தெரு நாய்’ என்றும் பிரித்துச் சொல்லும் பழக்கம் உண்டு. முதற்சொல்லைக் கைவிடுவது நல்லது. அது நாயைப் பற்றிச் சொல்வதைவிடச் சொல்பவரைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது. தெருவில் பிறந்த நாய், அந்த ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்த முன்னோரின் வழிவந்தது. குட்டை மயிரும் நீண்ட முகமும் அளவான உடலும் அதற்கு வாய்த்துள்ளன. குறிப்பிட்ட தோற்றத்திற்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்படாததால், அதனால் விளையும் பரம்பரை நோய்களும் அதற்குக் குறைவு.

காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயைப் பெறுவதில் ஒரு நன்மை உண்டு. பலர் இதை எண்ணுவதில்லை. குட்டி எப்படி வளரும் என்பது ஊகம். வளர்ந்த நாயின் இயல்போ கண்முன் நிற்கிறது. அது குழந்தைகளைக் கண்டு அஞ்சுமா, பூனையைத் துரத்துமா, தனிமையில் குரைக்குமா என்பதைக் காப்பகத்தார் பெரும்பாலும் அறிந்திருப்பர். இரண்டு மூன்று முறை சென்று பழகிப் பார்த்தபின் முடிவு செய்யலாம். கடைக்குட்டியிடம் அவ்வாறு கேட்க இயலாது.

எனினும் மீட்பு நாயைப் பற்றி இனிப்பாக மட்டும் பேசுவது நேர்மையாகாது. அடிபட்ட நாய் துடைப்பத்தைக் கண்டாலே மேசைக்கடியில் பதுங்கும். வீட்டினுள் சிறுநீர் கழிக்கும். நம்பிக்கை கொள்ளச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். இலவசமாகக் கிடைக்கும் நாய் செலவில்லாத நாயன்று. தடுப்பூசி, உணவு, மருத்துவம் ஆகியவை இரண்டு வகைக்கும் ஒன்றே. தெருவில் தாயோடு இருக்கும் குட்டியைப் பிள்ளைகள் தாமாகத் தூக்கிவருதலும் கூடாது. அது மீட்பன்று, பிரிப்பு. கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றியபின் பிழைப்பது மிக அரிது. உரிய காலத்தில் போடப்படும் தடுப்பூசி உயிர் காக்கும்.

இவை அனைத்தையும் எடைபோட்டால், நகரக் குடியிருப்பில் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்கு மீட்கப்பட்ட வளர்ந்த நாட்டு நாயே பொருத்தமானது. ஏற்கெனவே இனநாய் வளர்ப்போர் வெட்கப்பட இதில் ஏதுமில்லை. அந்நாய் தன் பிறப்பைத் தானே தேர்ந்துகொள்ளவில்லை. இனநாய்தான் வேண்டும் என்போரும் முதலில் காப்பகத்தில் தேடலாம். கைவிடப்பட்ட லாப்ரடார்களும் பக்குகளும் அங்கே உள்ளன.

அவை ஏன் அங்கே உள்ளன? விடைகளுள் ஒன்று, பணிமாறுதல். மாறுதல் ஆணை வருகிறது. பொருள்கள் லாரியில் ஏறுகின்றன. நாய் மட்டும் வாசலில் நிற்கிறது. பட்டினிக்கும் தாகத்திற்கும் ஆளாகும் வகையில் விலங்கைக் கைவிடுவது, 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் உருவாகக் காரணமானவர், மாநிலங்களவையில் இதற்கெனத் தனிநபர் மசோதா கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவிய அவரைப் பரதநாட்டியத்தால் அறிந்தோர் பலர். 1962 இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவர் அவரே என்பதை அறிந்தோர் சிலர்.

நாயை உடன் அழைத்துச் செல்வதும் எளிதன்று. தொடர்வண்டியில் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியின் ஓர் அறையை முழுமையாகப் பதிவு செய்திருந்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் அது கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் செல்ல வேண்டும். தில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதா. கோடையில் அப்பயணத்தை நாட்டு நாய் ஒருவாறு தாங்கக்கூடும். தட்டை மூக்கு நாய்க்கு அது உயிராபத்து. புதிய ஊரில் வீட்டு உரிமையாளர் இசைவாரா என்பது அடுத்த கவலை.

ஆதலால், மாறுதலுக்கு இன்னும் ஓராண்டே உள்ள குடும்பத்திற்கு, இனநாயும் வேண்டா, மீட்பு நாயும் வேண்டா என்பதே சரியான விடையாக இருக்கக்கூடும். அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பெரியவர் ஒருவரோடு காப்பகத்திற்குச் சென்று நாய்களை நடத்திச் செல்லலாம். மே மாதத்தில் குடியிருப்பு வாயிலோரம் ஒரு மண்சட்டியில் நீர் வைக்கலாம். காதோரம் சிறு வெட்டுடன் வந்து நீர் பருகும் நாய், கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பதை அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லலாம்.