பி.ஏ. அரசியல் அறிவியல்: மூன்றாண்டை எப்படித் திட்டமிடுவது? ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

கேள்வி

பிளஸ் டூ முடிவு வந்ததும் கடலூர் மாவட்டத்தின் திருவந்திபுரம், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்து வீடுகளில் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங் என்றுதான் பேச்சு ஓடுகிறது. பி.ஏ. அரசியல் அறிவியல் என்று யாராவது சொன்னால், "குரூப் டூ எழுதலாமே" என்ற ஒரே காரணத்தோடு சொல்கிறார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் பட்டதாரிகளும் சேர்ந்து நடத்தும் எங்கள் வாசகர் வட்டம் இந்தக் கேள்வியை விவாதித்து எடுத்த முடிவு இது.

எங்கள் நிலைப்பாடு

அந்த ஒரு காரணம் போதாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளின் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். தேர்வுக்காக மட்டும் அரசியல் அறிவியலில் சேர வேண்டியதில்லை. சேர்ந்தவர் மூன்றாண்டையும் பொது அறிவுக் குறிப்புகளாகச் சுருக்கிக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஒரு முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எந்தச் சட்டம் அதைத் தந்தது, யாரிடம் போய்க் கேட்டால் பதில் வரும் என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பட்டத்தின் பயன் அதுதான். அதற்கு வகுப்பறை பாதி என்றால் இந்த மாவட்டம் மறுபாதி. பாடத்திட்டமும் மாணவரின் சொந்தத் திட்டமும் இதை ஒட்டி அமைய வேண்டும்.

ஏன் இந்த மாவட்டம்

அரசும் சமயமும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. சிதம்பரம் நடராசர் கோயிலோ 2014 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பொது தீட்சிதர்களின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் ஏன் இரண்டு ஏற்பாடு? அரசமைப்பின் 25, 26-ஆம் உறுப்புகளைப் புரட்டாமல் பதில் சொல்ல முடியாது. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965-இல் மத்திய அரசு அமைத்த குழு, தீண்டாமை குறித்து 1969-இல் தந்த அறிக்கையையும் இதே வரிசையில் படிக்கலாம். பரம்பரை அர்ச்சகர் முறை பற்றிய விவாதத்துக்கு அந்த அறிக்கை வலுச் சேர்த்தது.

கூட்டணி அரசியலுக்கும் வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 1952 தேர்தலில் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்ற இடங்களை வென்றது. காங்கிரசுக்குத் தனிப்பெரும்பான்மை இல்லாத நேரம் அது. 1954-இல் காமராசர் அமைச்சரவையில் அவர் இடம்பெற்றார். மொழிக் கொள்கையைப் படிக்கும்போது, 1965 மொழிப் போரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரனை விட்டுவிட முடியாது. கூட்டாட்சியைப் படிக்க வடக்கே பாகூர் வரை போனால் போதும். அங்கே புதுச்சேரி ஒன்றியப் பகுதி. சட்டமன்றமும் முதலமைச்சரும் உண்டு, ஆனால் துணைநிலை ஆளுநரின் அதிகாரம் வேறு கணக்கு.

உள்ளாட்சிதான் எல்லாவற்றிலும் அருகில் இருக்கும் பாடம். 2019 டிசம்பரில் நம் ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது 243-ஈ உறுப்பு. சட்டம் சொல்வதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு மாணவர் அளக்கத் தொடங்கினால், அவர் அரசியல் அறிவியலுக்குள் வந்துவிட்டார் என்று பொருள்.

மாணவருக்கும் பெற்றோருக்கும்

1. சேருமுன் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல்களைப் படித்துப் பாருங்கள். பள்ளியில் அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் நூல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. படிக்கப் பிடிக்கவில்லை என்றால் வேறு பாடம் தேடுவதே நல்லது.

2. பயிற்று மொழியை யோசித்து முடிவு செய்யுங்கள். தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. பட்டம் தகுதியாக உள்ள பணிக்குப் பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். தமிழ் வழியில் சேர்பவர் ஆங்கில நூல்களையும் தீர்ப்புகளையும் வாசிக்கும் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். முதுகலையில் சேரும்போது அது இல்லாமல் திணறுகிறவர்கள் பலர்.

3. பள்ளி ஆசிரியர் ஆக விரும்புவோர் கவனிக்க: தமிழ்நாட்டில் அரசியல் அறிவியலுக்கு முதுகலை முடித்த பிறகே பி.எட். சேர வழி உண்டு. மூன்றாண்டு அல்ல, ஏழாண்டுக் கணக்கு போட வேண்டும்.

4. சட்டம் படிக்க நினைப்பவருக்கு இந்தப் பட்டம் நல்ல அடித்தளம். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

5. தொலைநிலையில் சேர்பவர், அந்தக் கல்வியாண்டில் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும்

கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எங்கள் கோரிக்கைகளை அங்கேயே வைக்கிறோம்.

ஒன்று, மதிப்பெண்ணோடு கூடிய கள ஆய்வுத் தாள் ஒன்று கட்டாயமாக வேண்டும். ஒரு கிராம சபைக் கூட்டம், ஒரு நீதிமன்ற நாள், 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு, நெய்வேலி நிலமெடுப்பு அல்லது சிப்காட் மாசு போன்ற ஒரு சிக்கலைப் பற்றிய அறிக்கை என்று அது அமையலாம். இரண்டு, நூலகத்தில் தமிழ் நூல்கள் வேண்டும். அறுபதுகளில் தமிழ் வழிப் பட்டப் படிப்பு தொடங்கியபோது அரசே பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தது. அந்த வேகம் இன்று இல்லை. மூன்று, அரசியல் அறிவியல் இல்லாத அரசுக் கல்லூரிகளில் அதைத் தொடங்கும்போது நிரந்தர ஆசிரியர்களோடு தொடங்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை மட்டும் வைத்து ஒரு துறையை நடத்துவது அவர்களுக்கும் நியாயமல்ல, மாணவருக்கும் நியாயமல்ல.

தேசியக் கல்விக் கொள்கை முன்வைக்கும் நான்காண்டுப் பட்டம் இங்கே வேண்டாம். மூன்றாண்டே தொடரட்டும் என்கிறோம். தினக்கூலி வீட்டுக்கு நான்காவது ஆண்டு என்பது ஒரு வருமானம் தள்ளிப்போவது. ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு முதுகலை இருக்கிறது.

ஒரு மறுப்புக்குப் பதில்

"வேலைக்கு வழி சொல்லாமல் கிராம சபைக்குப் போகச் சொல்கிறீர்களே" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்தப் பட்டம் கையில் வந்தவுடன் வேலை நிச்சயம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்றே சொல்கிறோம். ஆனால் குரூப் 1 முதன்மைத் தேர்வு விரிவாக எழுதும் தேர்வு. மனப்பாடம் அங்கே பாதி வழியில் நின்றுவிடும். ஓர் அரசாணையைப் படித்து அதன் விளைவை நாலு பத்தியில் எழுதத் தெரிந்தவர் அந்தத் தேர்வறையிலும் செய்தி அலுவலகத்திலும் வழக்கறிஞர் அறையிலும் முந்துவார்.

எங்கள் பொறுப்பு

கோரிக்கை வைப்பதோடு நாங்கள் நிறுத்தப்போவதில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் அரசமைப்பைத் தமிழில் வாசிக்கும் வகுப்பை நடத்துவோம். கிராம சபை கூடும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் மாணவர்களை அழைத்துச் செல்வோம். அவர்கள் எழுதும் குறிப்புகளை அந்தந்த ஊராட்சிக்கும் கல்லூரித் துறைக்கும் அனுப்புவோம். பாடத்திட்டத்தில் கள ஆய்வுத் தாள் வரும்வரை இதைத் தொடர்வோம்.