ஐம்பதைத் தாண்டி ஸ்டியரிங்... அஜித் இறங்கிய சீட்டும் நரேன் ஏறாத காரும்!

மாலை ஆறு மணி ஆனதும் புதுச்சேரி பீச் ரோட்டில் போலீஸ்காரர்கள் தடுப்புகளை இழுத்துப் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அங்கே கார், பைக் எதுவும் ஓடாது. நடப்பவர்களுக்குத்தான் சாலை. வேகத்துக்கு இடமே இல்லாத அந்த ரோட்டில் உட்கார்ந்து, போன வாரம் ஒரு மணி நேரம் கார் ரேஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பேச்சுத்துணை, எங்கள் தெரு சொல்தா தாத்தா. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே 'சொல்தா' என்போம். தாத்தாவுக்கு வயது 71. போன மழைக்காலத்தில் ஸ்கூட்டர் சறுக்கி முழங்கை உடைந்ததிலிருந்து வண்டி வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கிறது. பாரிஸில் இருக்கும் மகள் வீடியோ கால் போடும்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, "அப்பா, வண்டியைத் தொடலையே?"

என் போனில் அஜித் ரேஸ் வீடியோ ஓடியது. "ஆசிய லெ மான்ஸ் தொடர்ல அஜித்தும் நரேன் கார்த்திகேயனும் ஒரே டீம் தாத்தா" என்றேன். அவ்வளவுதான்.

"லெ மான்ஸ் இல்லடா தம்பி. கடைசி எஸ் சத்தம் வராது. லு மான்... அந்த ன் மூக்குக்குள்ளேயே நிக்கணும்."

நான்கு முறை சொல்ல வைத்தார். பாஸ் மார்க் கிடைக்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் 'லெ மான்' என்றே எழுதுகிறேன். தாத்தா மன்னிக்க வேண்டும்.

பிறகு அவர் கேட்டதுதான் இந்த வாரத்து விஷயம். "ஐம்பத்து மூணு, ஐம்பத்து நாலு வயசுல அந்த மனுஷனுக்கு இது எதுக்கு?"

அஜித்துக்கு ரேஸ் புதிதில்லை. 2003-ல் ஆசிய ஃபார்முலா பி.எம்.டபிள்யூ தொடரில் ஓட்டினார். 2010-ல் 39 வயதில் எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா டூ தொடரில், தன்னைவிடப் பாதி வயசுப் பையன்களோடு மோதினார். அதன் பிறகு நீண்ட இடைவெளி. சினிமா, சண்டைக் காட்சிகளில் பட்ட அடிகள், அறுவை சிகிச்சைகள். 2024-ல் 'அஜித் குமார் ரேஸிங்' என்று சொந்த அணி தொடங்கியபோது, "தல விளையாட்டுக்குச் செய்கிறார்" என்று சொன்னவர்கள் உண்டு. ரேஸ் சீசன் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை படம் கிடையாது என்று அவர் அறிவித்த பிறகுதான், பலருக்கு இது பொழுதுபோக்கு இல்லை என்று புரிந்தது.

2025 ஜனவரி, துபாய். 24 மணி நேரப் போட்டி. சில நாட்களுக்கு முன் நடந்த பயிற்சியில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவைப் பார்க்காத தமிழர் குறைவு. காரிலிருந்து அவரே நடந்து வெளியே வந்தார். வாட்ஸ்அப்பில் நமக்கு வந்தது அந்தச் சுழற்சி மட்டும்தான். அடுத்து நடந்தது பெரிதாக ஃபார்வர்டு ஆகவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

தன் பெயரில் இருக்கும் அணி, தான் ஓட்டுவதற்காகவே தொடங்கிய அணி. அந்த அணியின் 901-ம் எண் போர்ஷே காரின் ஓட்டுநர் பட்டியலிலிருந்து அஜித் விலகிக்கொண்டார். உடல்நிலையையும் அணியின் வெற்றி வாய்ப்பையும் பார்த்து எடுத்த முடிவு என்று அணி அறிவித்தது. மற்ற ஓட்டுநர்கள் அந்தக் காரை ஓட்டி, 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தார்கள்.

அதற்காக அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடவில்லை. ஜிடி4 பிரிவில் ரஸூன் அணியோடு சேர்ந்து களமிறங்கிய வேறொரு காரில் தன் முறை வந்தபோது ஏறி ஓட்டினார். ஒரு காரிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறியவர், இரவு பகல் முடிந்ததும் தேசியக்கொடியோடு ஓடிவந்த காட்சிதான் நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தது.

இப்படி மாறி உட்கார முடிந்ததற்கு, இது நெடுந்தூரப் போட்டி என்பதே காரணம். ஃபார்முலா ஒன்னில் ஒரு கார், ஒரு ஆள், சுமார் ஒன்றரை மணி நேரம். 24 மணி நேரப் போட்டியில் ஒரே காரை மூன்று, நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பெட்ரோல் போட, டயர் மாற்ற கார் உள்ளே வரும்போது ஒருவர் இறங்க, இன்னொருவர் ஏறி பெல்ட்டை இறுக்கிக்கொள்வார். ஆளுக்கு ஆள் உயரம் வேறு என்பதால், குட்டையானவர் தனக்கென வார்த்த மெத்தை ஒன்றைக் கையோடு கொண்டுவந்து சீட்டில் செருகிக்கொள்வதும் உண்டு. உள்ளே அனல் கொதிக்கும். ஹெல்மெட்டுக்குள் குழாய் வழியே தண்ணீர் உறிஞ்சிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

வேகம் வெவ்வேறான பல பிரிவுக் கார்கள் ஒரே தடத்தில் ஓடும். பின்னால் லைட் அடித்துக்கொண்டு வருபவனுக்கு எங்கே வழிவிடுவது, முன்னால் மெதுவாகப் போகிறவனை எந்த வளைவில் தாண்டுவது என்பதற்கு நிதானம் வேண்டும். நம் அண்ணா சாலையில் சனிக்கிழமை மாலை கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் கொஞ்சம் புரியலாம்! கழுத்து வலுவும் கண் வேகமும் இருபது வயதுக்காரனுக்கு அதிகம்தான். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் காரைக் கீறல் இல்லாமல் அடுத்தவர் கையில் கொடுக்கிற பக்குவத்துக்கும் இங்கே மதிப்பு இருக்கிறது.

இந்த வகைப் போட்டிகளில் ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று தரம் பிரிக்கிறார்கள். (புதுச்சேரிக்காரர்கள் குழம்ப வேண்டாம். இது நம்ம பிரான்ஸ் இல்லை, வெண்கலம்.) வெண்கலம் என்றால் பெரும்பாலும் ரேஸைத் தொழிலாகச் செய்யாதவர். பல தொடர்களில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலத் தர ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. வேறு வேலை பார்த்துக்கொண்டே ரேஸைக் கைவிடாதவர்களுக்கு உலகத் தரமான தடங்களில் கதவு திறந்திருப்பது இப்படித்தான்.

துபாய்க்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் அவர் கார் உருண்டது. மறுபடி எழுந்து வந்தார். மார்ச்சில் இத்தாலியின் முஜெல்லோ 12 மணி நேரப் போட்டியில் அணிக்கு மீண்டும் மூன்றாம் இடம். 'விடாமுயற்சி'யும் 'குட் பேட் அக்லி'யும் வெளியானது இதே மாதங்களில்தான்.

தாத்தாவுக்கு அஜித்தை சினிமாவில் தெரியும். நரேனைத் தெரியாது. எனக்கோ இந்தக் கதையில் மனசு பிசைந்தது நரேன் பகுதியில்தான்.

நரேன் கார்த்திகேயன், 1977-ல் பிறந்த கோவைக்காரர். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயனும் ராலி ஓட்டியவர். 2005-ல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரீயில், டயர் பிரச்னையால் 14 கார்கள் விலகிக்கொள்ள ஆறே கார்கள் ஓடின. நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள். ஆறு பேரில் நான்காவது என்று கிண்டல் செய்யலாம். ஆனால் ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த ஒரே இந்தியர் அவர்தான்.

அடுத்த ஆண்டு ரேஸ் சீட் இல்லை. வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநர். பிறகு ஏ1 ஜிபி, அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் ரேஸ் என்று கிடைத்ததையெல்லாம் ஓட்டினார். 2011-ல் 34 வயதில் ஹெச்.ஆர்.டி. அணி மூலம் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். சீசன் பாதியில் அவர் சீட்டை டேனியல் ரிக்கார்டோவுக்குக் கொடுத்தார்கள். இருந்தும் அக்டோபர் 30-ல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் நரேன் ஓட்டினார். அதற்கடுத்த 2012-தான் அவருக்கு ஃபார்முலா ஒன்னில் கடைசி ஆண்டு.

நடுவில் 2009-ஐ விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான்.

அந்த ஜூனில் நரேன் பிரான்ஸில், லெ மானில் இருந்தார். 1923-ல் தொடங்கிய அந்த 24 மணி நேரப் போட்டிதான் நெடுந்தூர ரேஸ்களுக்கெல்லாம் பெரியது. கோலெஸ் அணியின் ஆடி கார். கூட ஓட்ட சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன், ஆந்த்ரே லாட்டரர். போட்டி தொடங்கும் முன்பே நரேனின் தோள்மூட்டு விலகிவிட்டது. காரில் ஏறவே முடியவில்லை. மூன்று பேர் ஓட்ட வேண்டிய 24 மணி நேரத்தை மற்ற இருவரும் ஓட்டி ஏழாம் இடத்தில் முடித்தார்கள். லாட்டரர் அதன் பிறகு 2011, 2012, 2014 என மூன்று முறை லெ மானை ஜெயித்தார். லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் 2012-ல் சென்னையின் கருண் சந்தோக்குக்குப் போனது.

2025-26 ஆசிய லெ மான் தொடருக்கு அஜித் அணியில் நரேன் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தோள்மூட்டுதான். கார், எல்எம்பி3 வகை. இந்தத் தொடரில் முதலிடம் பிடிக்கும் அணிகளுக்கு பிரான்ஸில் நடக்கும் அந்த நிஜ லெ மானுக்கு அழைப்பு கிடைப்பது வழக்கம். அவருக்கு அது கிடைக்குமா, கிடைக்காதா என்பதல்ல; 48 வயதில் அந்தப் பெயர் எழுதிய காரில் ஏறுவதற்கு ஒரு மனிதரிடம் என்னவெல்லாம் மிச்சம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் யோசித்தேன்.

"திரும்பி வந்தவங்க யாராச்சும் ஜெயிச்சிருக்காங்களா?" தாத்தாவுக்கு ரிசல்ட் வேண்டும்.

நிக்கி லவுடா 1979-ல் போதும் என்று போனவர். 1982-ல் திரும்பி வந்தார். 1984-ல் வெறும் அரைப் புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன் ஆனார். ஏழு முறை சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கர் 41 வயதில் திரும்பி மூன்று சீசன் ஓட்டியும் ஒரு வெற்றி கூட இல்லை. ஒரே ஒரு முறை மூன்றாம் இடம். இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது.

தாத்தாவை நிமிர்ந்து உட்கார வைத்தது ராபர்ட் குபிட்சா. போலந்துக்காரர். 2011-ல் இத்தாலியில் ஒரு ராலியில் சாலையோரத் தடுப்புக் கம்பி காருக்குள் புகுந்து, வலது கை கிட்டத்தட்டத் துண்டாகிவிட்டது. எட்டு வருடம் கழித்து, 2019-ல், முழுமையாக இயங்காத அந்தக் கையோடு ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். அந்த சீசனில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. 2021 லெ மானில் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்த அவர் அணியின் கார், கடைசிச் சுற்றில் நின்றுபோனது. 24 மணி நேரத்தில் 23 மணி 50-க்கும் மேற்பட்ட நிமிடங்கள் ஓடிய பிறகு! 2025 ஜூனில் மறுபடி லெ மான். மஞ்சள் நிற ஃபெராரி, எண் 83. கடைசியில் காரைக் கோட்டுக்குக் கொண்டுவந்தவர் குபிட்சாவே. முதலிடம். அப்போது அவருக்கு வயது 40.

"வலது கையா?" என்று கேட்டுவிட்டு, தாத்தா தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். அவருடையதும் வலது கைதான்.

இந்த இடத்தில் என் வயசுக்காரர்களிடம் ஒரு வார்த்தை. அஜித் படம் ஒட்டிய பைக்கில் ஈ.சி.ஆரில் நூற்றுச் சொச்சத்தில் பறக்கும் தம்பிகளை வாராவாரம் பார்க்கிறேன். அவர் ஓட்டும் தடத்தில் எதிரே லாரி வராது. நெருப்புப் பிடிக்காத உடை, கழுத்தைத் தாங்கும் கருவி, நொடியில் ஓடிவரும் மருத்துவர்கள் எல்லாம் உண்டு. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு இதயப் பரிசோதனை இல்லாமல் சர்வதேச ரேஸ் லைசென்ஸ் கிடையாது. துபாயில் நின்றுகொண்டு அவர் ரசிகர்களிடம் கேட்டதும், அடுத்தவருக்கு 'வாழ்க' போட்டது போதும், நீங்கள் எப்போது வாழப் போகிறீர்கள் என்பதுதானே!

மருத்துவப் பரிசோதனை என்றதும் தாத்தா விஷயத்துக்கு வந்துவிட்டார். அடுத்த மாதம் அவருடைய டிரைவிங் லைசென்ஸ் முடிகிறது. நாற்பது தாண்டியவர்கள் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். மகளிடம் சொன்னால் சண்டை வரும். சொல்லாமல் செய்ய மனசில்லை.

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த துபாய்ல... சொந்தக் கார்ல இருந்து அவரே இறங்கிட்டாருன்னியே. யாரும் இறக்கிவிடலையே?"

"இல்ல தாத்தா. அவரே எடுத்த முடிவுதான்."

"ஆனா இன்னொரு கார்ல ஓட்டினாரு."

"ஆமா, ஓட்டினாரு."

"அப்ப மெயின் ரோடு வேணாம். மழை நாள்ல வேணாம். இருட்டினா வேணாம்." விரல்விட்டு எண்ணினார். "காலையில மார்க்கெட், அப்புறம் லைப்ரரி. அவ்வளவுதான். இதை அவகிட்ட நீயே சொல்லேன், தம்பி. நீ சொன்னா கேப்பா."

நான் எங்கே சொல்வது? அக்காவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். போன் போட்டால், "உன் வேலையைப் பாருடா" என்பார். "முதல்ல டாக்டரைப் பாக்கலாம் தாத்தா. கண்ணும் கையும் சரியா இருக்குன்னு அவர் எழுதிக் கொடுத்தா, அந்தப் பேப்பரையே அக்காவுக்கு அனுப்பிடுவோம்" என்றேன்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி, "அந்த படிவத்துக்கு என்ன பேரு?" என்றார்.

"1ஏ தாத்தா."

"உன் போன்லயே எடுத்துக் குடு. அப்படியே, அந்த மஞ்சள் காரு வீடியோவையும் அனுப்பு. அவளுக்கும் அனுப்பணும்."