தேய்மானம் என்றொரு சொல்

‘கழுத்தெலும்புத் தேய்மானம்’ என்று மருத்துவர் சொன்னதும் பாதி நிம்மதியோடு வீடு திரும்புகிறவர்கள் நாம். செருப்புத் தேய்வதுபோல் எலும்பும் தேயும், பட்டியும் தைலமும் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். சொற்களோடு புழங்குகிற நாமாவது இச்சொல்லைச் சற்றே சந்தேகித்திருக்கலாம்.

உண்மையில் தேய்வது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் (பேச்சு வழக்கில் ஜவ்வு). அது வற்றிச் சுருங்கச் சுருங்க, எலும்போ விளிம்புகளில் முளைவிட்டு வளர்கிறது. பின்புறத் தசைநார் தடிக்கிறது. இவற்றுக்கு நடுவே தண்டுவடம் நெரிபடுகிறது. ரஸ்ஸல் பிரெய்ன், நார்த்ஃபீல்டு, மார்சியா வில்கின்சன் ஆகிய மூவரும் 1952ஆம் ஆண்டிலேயே ‘பிரெய்ன்’ இதழில் இதை விரிவாக எழுதிவிட்டார்கள். (ஆசிரியரின் பெயரும் இதழின் பெயரும் ஒன்றானது தற்செயல்தான்!) நாமோ இன்னும் வலியை மட்டுமே நோய் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்நோய் கழுத்து வலியே இல்லாமலும் வரும். கையெழுத்து கோணும், பொத்தான் நழுவும், இருட்டில் கால் தடுமாறும். ‘வயசாகிவிட்டது’ என்று வீட்டிலும், மணிக்கட்டு நரம்புக் கோளாறு என்று சில மருத்துவமனைகளிலும் சொல்லிவிடுகிறார்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறிகுறி தோன்றியதிலிருந்து நோயைக் கண்டறியச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

நம்மைக் கவர்ந்தது வேறொன்று. ஜப்பானிய எலும்பியல் சங்கம் வகுத்த 17 மதிப்பெண் அளவுகோல், நோயாளியால் உணவுக் குச்சிகளைக் கையாள முடிகிறதா என்று கேட்கிறது. 1991இல் பென்செல் குழுவினர் அதைத் திருத்தியபோது குச்சிகளின் இடத்தில் கரண்டியும் சட்டைப் பொத்தானும் வந்தன. மொத்த மதிப்பெண் 18 ஆயிற்று. கை செயலிழப்பதை அந்தந்த ஊரின் சாப்பாட்டைக் கொண்டே அளந்திருக்கிறார்கள். அப்படியானால் நம் ஊரில் கேட்க வேண்டியது ரசஞ்சோற்றைப் பற்றியல்லவா? சிந்தாமல் பிசைந்து உண்ண முடிகிறதா, பூத்தொடுக்க வருகிறதா, சேலைக் கொசுவம் விரலுக்குள் நிற்கிறதா? ‘வலிக்கிறதா’ என்ற கேள்விக்கு ‘இல்லையே’ என்பவர், இவற்றுக்கு ‘ஆறு மாசமாகவே முடியலை’ என்று சொல்லக்கூடும். உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய பதில் அது.

அறுவை என்றதும் ‘கழுத்தில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்’ என்பார் உண்டு. அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. விழுங்குவதில் சிரமம், தோள் பலவீனம் போன்றவை சிலருக்கு நேர்கின்றன. ஆனால் குறுகிய கழுத்தோடு குளியலறையில் ஒருமுறை விழுந்தாலே கைகால் செயலிழக்கக்கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை. முன்புறமாகச் சென்று டிஸ்கையும் எலும்பு முளைகளையும் அகற்றி எலும்புகளை இணைப்பது ஒரு வழி. பின்புறத்தில், ஒருபக்கத்தைக் கீலாக விட்டு எலும்பு வளைவைக் கதவுபோல் திறந்து இடம் உண்டாக்குவது ஹிராபயாஷி 1970களில் ஜப்பானில் வகுத்த வழி. மிதமாகவோ கடுமையாகவோ பாதிக்கப்பட்டவர்களுக்கு அறுவையையே 2017இன் சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அதன் முதல் நோக்கம் மேலும் மோசமாகாமல் தடுப்பது. இழந்ததில் பலருக்குக் கொஞ்சம் மீள்கிறது, முழுவதும் மீள்வது அரிது. நெரிபட்ட காலம் நீள நீள, அந்தக் கொஞ்சமும் குறைந்துகொண்டே போகிறது.