நல்ல நண்பர் யார்?

கெட்ட சகவாசம் ஆளைக் கெடுக்கும் என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்கிறோம். நல்ல சகவாசம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று சொல்வதில்லை. அதற்கு நம் சவேரியாரே சாட்சி.

பிரெஞ்சில் படித்த எனக்குப் பாரீஸ் என்றதும் நினைவுக்கு வருவது சேந்த் பார்ப் கொலேழ்தான். 1529-இல் அங்கே ஒரே அறையில் மூவர்: பிரபு குடும்பத்துச் சவேரியார், ஆடு மேய்த்து வளர்ந்த ஃபேபர், போரில் கால் அடிபட்ட இஞ்ஞாசியார். பதவிக் கனவிலிருந்த சவேரியாருக்குத் தம்மைவிட 15 வயது மூத்த இஞ்ஞாசியாரை முதலில் பிடிக்கவில்லை. இஞ்ஞாசியார் கோபிக்கவில்லை, பணமுடையில் உதவினார், பொறுமையாகக் காத்திருந்தார். தாம் அறியாமல் சேர்ந்திருந்த தீய கூட்டத்திலிருந்து தம்மை விலக்கியவர் இவரே என்று 1535-இல் சவேரியார் அண்ணனுக்கு எழுதினார்.

1542-இல் அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பிறகு கீழைத் தீவுகளில் அலைந்தபோது, நண்பர்களின் கையெழுத்துகளைக் கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்திருந்தார்.

ஒரே அறை அமைந்தது தற்செயல். நட்பு அவரே தேர்ந்துகொண்டது.

ஓய்வுபெற்ற நமக்கும் இது பொருந்தும். மாலையில் நாம் தேடிப்போவது நமக்குத் தலையாட்டுகிறவர்களைத்தான். "சொத்துத் தகராறில் தம்பியோடு பேசாமலிருக்கிறாயே, எப்படியப்பா நற்கருணை வாங்குகிறாய்?" என்று கேட்கும் ஒருவரை மெல்லத் தவிர்த்துவிடுகிறோம். என் அபிப்பிராயத்தில், அவரைத் தவிர்க்கிற அன்றே விசுவாசமும் தளரத் தொடங்குகிறது. அப்படி ஒருவர் உங்களுக்கு இருந்தால், கோபித்தாலும் விட்டுவிடாதீர்கள்.