இழுப்பு இல்லாத நாளுக்கும் வைத்தியம் வேண்டும்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் குடியிருக்கும் ஏழைக் குடும்பத்திடம் கேரள அரசின் காருண்யா காப்பீட்டு அட்டை இருக்கும். களியக்காவிளையைத் தாண்டி விளவங்கோடு பக்கம் வந்தால், அதே நிலையில் உள்ள குடும்பத்திடம் தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கும். இரண்டும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை ஏற்கின்றன. இரண்டும் அடிப்படையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கானவை. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு இந்த ஏற்பாடு எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, ஆட்டோவில் தூக்கிவரப்பட்டால் அவருக்காக அரசு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும். அந்த நிலைக்கு வராமல் காக்கக்கூடிய சில நூறு ரூபாய் இன்ஹேலரை அந்த அட்டை மாதாமாதம் வாங்கித் தராது. இந்த நோய்க்கான அரசுச் சேவையை, நோயாளி படுக்கையில் கிடக்கும் நாட்களைக் கொண்டு எடைபோடுவதை நிறுத்த வேண்டும். அவர் வீட்டில் எழுந்து நடமாடும் நாட்களைக் கொண்டு எடைபோட வேண்டும். பாறசாலை, இஞ்சிவிளை, காரக்கோணம், பனச்சமூடு போன்ற எல்லைக் கிராமங்களில் இந்தத் தேவை மற்ற ஊர்களைவிடக் கூர்மையாகத் தெரிகிறது.

சிஓபிடி என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நாள்பட்ட அடைப்பு நோயில், மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன, நுரையீரலின் காற்றறைகள் சிதைகின்றன. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதில்லை. நெஞ்சு எப்போதும் பாதி நிரம்பிய நிலையிலேயே இருப்பதால் அடுத்த மூச்சுக்கு இடம் போதவில்லை. வேலை கூடினால், மூச்சின் வேகம் கூடினால், தேங்கும் காற்றும் கூடும். அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகப் பேசுகிறவர் குளிமுறிக்கு நடந்து போவதற்குள் சுவரைப் பிடித்து நிற்கிறார். கையைத் தலைக்குமேல் தூக்கும் வேலைகள், அதாவது தலை சீவுவது, கொடியில் துணி போடுவது, உயரத்தில் உள்ள பாத்திரத்தை எடுப்பது ஆகியவை இவர்களை அதிகம் வாட்டும். தோளைத் தூக்கும் தசைகளைத்தான் அவர்கள் மூச்சிழுக்கவும் நம்பியிருக்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் போகும். எனவே சாப்பாடு குறைகிறது, உடம்பு மெலிகிறது. மூச்சு முட்டும் என்ற பயத்தில் நடப்பது குறைகிறது. நடக்காத கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால் பத்தடி நடக்கவே அதிக மூச்சு கேட்கிறது. மேடும் பள்ளமுமான இந்த மண்ணில், செம்மண்ணை வெட்டிய படிகளில் ஏறித்தான் பல வீடுகளுக்குப் போக முடியும். அந்தப் படிகளால் ரேஷன் கடை, கோயில், சர்ச், கல்யாண வீடு என்று ஒவ்வொன்றாக ஒருவருக்குத் தொலைவாகிப்போகும். இந்தச் சுருங்கல் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

‘பீடி பிடித்தார், அனுபவிக்கிறார்’ என்ற பேச்சு இதற்குப் பதிலாக உடனே வரும். பீடியும் சிகரெட்டும் நுரையீரலைக் கெடுக்கின்றன என்பதில் ஐயமில்லை. பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு எதிராகக் கேரள உயர் நீதிமன்றம் 1999இலேயே தீர்ப்பளித்தது அந்த மாநிலத்துக்குப் பெருமை. ஆனால் இந்திய நோய்ச்சுமை பற்றிய 2016ஆம் ஆண்டுக் கணக்கீடு வேறொரு படத்தையும் காட்டுகிறது. இது 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. 1990இல் சுமார் 2.8 கோடியாக இருந்த சிஓபிடி நோயாளிகள் 2016இல் 5.5 கோடியைத் தாண்டியிருந்தார்கள். இந்த நோயால் இழந்த ஆரோக்கிய ஆண்டுகளில் 53.7 விழுக்காட்டுக்குக் காற்று மாசும் 25.4 விழுக்காட்டுக்குப் புகையிலையும் 16.5 விழுக்காட்டுக்குத் தொழிலிடத் தூசியும் புகையும் காரணம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. காற்று மாசு என்றதும் டெல்லியை நினைக்கிறோம். அடுக்களையும் அந்தக் கணக்கில் அடங்கும். கேஸ் அடுப்பு வந்த வீட்டிலும், வேக நேரமெடுக்கும் புழுங்கலரிசிச் சோற்றுக்கும் குளிக்க வெந்நீருக்கும் தென்னை ஓலை, மடல், சிரட்டை, ரப்பர் விறகு என்று கிடைத்ததை எரிப்பது இந்தப் பகுதியில் இன்றும் பழக்கம். அதன் முன்னால் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்கள். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கூடம், அண்டிக் கொட்டை வறுக்கும் ஆலை, பாலராமபுரத்தின் நூல் தூசி, குமரி மலையோரத்தின் கல்குவாரியும் கிரஷரும், பாறசாலை வழியாகப் பாறையும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் எழுப்பும் புழுதி: ஒரே பஞ்சாயத்தில் பாதி ஆயுளைக் கழித்த தொழிலாளியின் நுரையீரலில் இவற்றில் இரண்டு மூன்றாவது படிந்திருக்கக்கூடும். எப்போதோ வந்து குணமான காசநோய் விட்டுச்சென்ற தழும்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கல்தூசியால் சிலிகோசிஸ் பிடித்தவர்களுக்கு ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கை வகுத்து உதவித்தொகை தருகிறது. பாறை உடைத்தே துறைமுகம் வரை கட்டிய நம் பகுதிக்கு அப்படியொன்றைக் கேட்கும் உரிமை இல்லையா? பீடி பிடித்து நோய் வாங்கியவரையும் நான் ஒதுக்க மாட்டேன். சர்க்கரை நோயாளியிடம் நீ எவ்வளவு இனிப்பு தின்றாய் என்று விசாரித்துவிட்டா மாத்திரை கொடுக்கிறோம்?

குணமாகாத நோய்க்கு எதற்குச் செலவு என்ற கேள்வியும் உண்டு. வெளியே சொல்லாவிட்டாலும் திட்டம் போடுகிறவர்கள் மனதில் அது இருக்கிறது. சிதைந்த காற்றறை திரும்பி வராது என்பது உண்மை. ஆனால் மனிதர் அன்றாடம் செய்யக்கூடியவை திரும்பி வரும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. முறையாகச் சொல்லிக்கொடுத்த நடை, கைகால் பயிற்சி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதும் மூச்சுப் பழக்கம் ஆகியவை அடங்கிய நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றி 65 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு 2015இல் வெளியானது. மூச்சுத்திணறல் குறைகிறது, நடக்கும் திறன் கூடுகிறது, வாழ்வின் தரம் உயர்கிறது என்பது அத்தனை தெளிவாக இருந்ததால், வழக்கமான கவனிப்போடு ஒப்பிடும் புதிய சோதனைகள் இனித் தேவையில்லை என்று அந்த மதிப்பீட்டையே முடித்துவைத்தார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு கூடம், சில நாற்காலிகள், வாரம் இரண்டு மூன்று நாள், இரண்டு மாதம். இப்படிப்பட்ட வைத்தியம் மாத்திரை சீட்டில் எழுதப்படாததாலேயே வைத்தியமாக மதிக்கப்படுவதில்லை.

இன்ஹேலரைப் பற்றிய பயம் இன்னும் பெரிய தடை. ‘பஃப் தொடங்கினால் விட முடியாது, அது கடைசி மருந்து’ என்று எல்லையின் இரு பக்கமும் சொல்கிறார்கள். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருந்தால், இரண்டு பஃப்பில் அதன் இருபதில் ஒரு பங்கான 200 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. மாத்திரை ரத்தத்தில் கலந்து கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்த பிறகுதான் நுரையீரலுக்கு வரும்; பஃப் நேராக அங்கே போகும். இழுக்க வேண்டிய முறையில் இழுத்தால் மட்டும். நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பு 2016இல் செஸ்ட் இதழில் வந்தது. இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துவோர் மூவரில் ஒருவருக்கும் குறைவு என்றும், அந்த நாற்பது ஆண்டுகளில் நிலைமை முன்னேறவே இல்லை என்றும் அது கண்டது. மருந்து வீணாவதற்கும் ‘பஃப் பலிக்கவில்லை’ என்று மனம் தளர்வதற்கும் இதுவே பெரிய காரணம். குலுக்கு, மூச்சை வெளியே விடு, அழுத்திக்கொண்டே மெல்ல இழு, பத்து எண்ணும் வரை பிடி என்பதை நர்ஸ் ஒருவர் செய்துகாட்டி, திருப்பிச் செய்யச் சொல்லி, அடுத்த மாதம் மறுபடி சரிபார்க்க வேண்டும். அது நோயாளிக்குப் புரியும் பேச்சில் நடக்க வேண்டும். பாறசாலைப் பக்கம் கலப்புப் பேச்சு எல்லாருக்கும் ஓரளவு புரியும்தான். ஆனாலும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மூதாட்டிக்கு மலையாளத்தில் மட்டும் அச்சிட்ட தாளைக் கொடுத்து அனுப்புவது போதனை ஆகாது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள இடம் தரும் ஆட்சிமொழிச் சட்டத்தைக் கேரளம் 1969லேயே இயற்றியது. அதன் கருணை எல்லைக் கிராமத்து ஓபி வரைக்கும் வர வேண்டும்.

கேரளம் இந்தத் துறையில் நல்ல அடி எடுத்துவைத்த மாநிலம். 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறின. ‘ஸ்வாஸ்’ என்ற திட்டத்தின் வழியே அங்கேயே ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து நோயைக் கண்டறிந்து இன்ஹேலர் கொடுக்கும் முறை வந்தது. ஸ்பைரோமீட்டர் இல்லாமல் சிஓபிடியை உறுதிசெய்ய முடியாது என்பதால் இது சின்ன விஷயமில்லை. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோனது, அதுவும் பாராட்டத்தக்கதே. ஆனால் மூச்சுக்கு அந்த முன்னிடம் தரப்படவில்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் 2023இல் சிஓபிடியையும் ஆஸ்துமாவையும் சேர்த்துக்கொண்டுவிட்ட பிறகு அதைத் தள்ளிப்போடக் காரணமில்லை. இரு அரசுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க நிறைய இருக்கிறது: அங்கே கருவியும் நோயறிதலும், இங்கே வாசல் வரை போகும் கால்கள்.

அவரவர் மாநிலத்து நோயாளியை அவரவர் மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்தவர் வரிப்பணத்தில் ஏன் கை வைக்க வேண்டும் என்பது நியாயமாகத் தோன்றும் மறுப்பு. இந்த எல்லை 1956 நவம்பர் 1இல் போடப்பட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தன. அவற்றோடு சேர்த்துக் கேட்கப்பட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அந்த வழக்கை இப்போது திறக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாண உறவும் கூலி வேலையும் சந்தையும் அந்தக் கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை, வைத்தியமும் நிற்கவில்லை. 1838இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தென் திருவிதாங்கூர் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். அங்கே நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் சாமர்வெல், 1924 எவரெஸ்ட் பயணத்தில் இறங்கிவரும் வழியில் தொண்டை அடைத்து மூச்சே நின்றுபோகும் நிலைக்குப் போய் மீண்டவர். அவர் பெயரில் இன்று மருத்துவக் கல்லூரி இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், காரக்கோணத்தில். விளவங்கோட்டுக்காரர் அங்கே போவதும், பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்துக்கோ ஆசாரிப்பள்ளத்துக்கோ வருவதும் இயல்பு. எல்லையை வைத்தியத்தின் குறுக்கே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2020இல் கேரளத்தின் மறு கோடியில் பார்த்தோம்: கர்நாடகம் சாலையை அடைத்ததால் காசர்கோட்டு நோயாளிகள் மங்களூரு போக முடியாமல் உயிர்கள் போயின, உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. அந்த அடைப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வேலைக்காகவோ மகள் வீட்டுக்கோ இரண்டு மாதம் எல்லை தாண்டிப் போனவருக்கு, இந்தப் பஞ்சாயத்துக்காரர் இல்லை என்று இன்ஹேலர் மறுக்கப்பட்டால் அதுவும் அடைப்புதான். கையில் மருந்து தீர்ந்த சில நாட்களில், ஒரு சளிக் காய்ச்சல் போதும், அவர் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுவார். அப்போது செலவு ஏதோ ஓர் அரசின் தலையில்தான் விழும், பல மடங்காக.

நோய் முற்றியவர்களுக்கு வேறொரு செலவு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்கள் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பது 1980, 1981ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த இரு சோதனைகளில் நிலைநாட்டப்பட்டது. வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுத்தால், 15 மணி நேரத்துக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் முந்நூறு யூனிட்டைத் தாண்டும். கூலிக்குப் போக முடியாதவர் வீட்டில் இதைக் கட்டுவதற்காக இயந்திரத்தை அணைத்து வைப்பார்கள். உயிர்காக்கும் கருவிகளுக்குக் கேரள மின்வாரியம் கட்டணச் சலுகை தருகிறது; அதற்கு விண்ணப்பம், சான்றிதழ், புதுப்பித்தல் என்று அலைய வேண்டியவர் பத்தடி நடக்க முடியாதவர் என்பதை நினைத்தால், அந்த வேலையைப் பஞ்சாயத்தின் வலிதணிப்பு (பாலியேட்டிவ்) நர்ஸிடம் ஒப்படைப்பதே முறை. 2008இலேயே வலிதணிப்புக்குக் கொள்கை வகுத்து, வீடு வீடாக நர்ஸை அனுப்பிய மாநிலத்துக்கு இது புதிய பாதையில்லை. தமிழ்நாட்டு மின்வாரியமும் அதே சலுகையை, அதே எளிமையோடு, மக்களைத் தேடி மருத்துவ ஊழியர் வழியாகத் தரலாம். கோவிட் இரண்டாம் அலையில் 2021இல் விலைக்கும் நன்கொடையாகவும் வந்த கான்சென்ட்ரேட்டர்கள் எங்கெங்கே உள்ளன, எத்தனை ஓடுகின்றன என்று திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்டங்களும் ஒரு கணக்கெடுத்தால் முதல் தேவைக்கு அதுவே உதவும்.

இத்தனைக்கும் பணம் எங்கே என்பார்கள். அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது இன்ஹேலர் விலை சில்லறைக் கடை விலையைவிடக் குறையும். ஒரு சேர்க்கையைத் தவிர்த்தாலே பல மாத மருந்துக்கான பணம் மீளும். சேர்க்கைகள் உடனே குறையாது என்பதையும், முதல் ஓரிரு ஆண்டுகளில் கண்டறியப்படும் நோயாளிகள் கூடுவதால் செலவும் கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதை ஏற்றுக்கொண்டே இது செய்யப்பட வேண்டும். திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து உட்கார்ந்து, எல்லைப் பஞ்சாயத்துகளின் நுரையீரல் நோயாளிகளுக்கு இரு மொழியிலும் எழுதிய ஒரே கைப்புத்தகம் தரலாம். அதில் ஸ்பைரோமீட்டர் முடிவு, இன்ஹேலர் பெயர், கடைசியாகச் செய்முறை சரிபார்த்த தேதி இருக்கட்டும்; எந்தப் பக்கத்து அரசு மருந்தகத்தில் காட்டினாலும் ஒரு மாத மருந்து கிடைக்கட்டும்; கணக்கை இரு சுகாதாரத் துறைகளும் ஆண்டு முடிவில் தீர்த்துக்கொள்ளட்டும். நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ ஓர் அரசு மருத்துவமனையில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஒரு கூடத்தை ஒதுக்கி, எல்லைக்கு இந்தப் பக்கத்தவரையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு குடும்ப ஆரோக்கிய மையத்திலும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இன்ஹேலர் இருப்பு இல்லாமல் போன நாட்கள் எத்தனை என்பதை மாதந்தோறும் சுவரில் எழுதிப் போட வேண்டும். மருந்தே இல்லாத நாட்களை எண்ணாத வரை, சேர்க்கைகள் ஏன் குறையவில்லை என்று யாரும் யாரையும் கேட்க முடியாது.