கட்டைவிரல் மறக்காத பாய்ச்சல்

2010 ஒக்டோபரில் ஜப்பானின் சேகா நிறுவனம் ‘சோனிக் 4’ ஆட்டத்தின் முதற்பாகத்தை வெளியிட்டது. தொண்ணூறுகளில் சோனிக் என்ற நீல முள்ளெலியோடு ஓடிப் பழகியவர்கள் பதினாறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவை எல்லாம் அதில் இருந்தன: பக்கவாட்டில் நகரும் பச்சை நிலம், பொன் வளையங்கள், பழைய எதிரி எக்மேன், பழைய பெயருக்குப் பின்னால் அடுத்த இலக்கம். இருந்தும் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். தாவும்போது திசைப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் சோனிக் அந்தரத்தில் வேகமிழந்து கல்லாய் விழுந்தது. சரிவில் உருண்டு வரும்போது சேரவேண்டிய வேகம் சேரவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2017 ஓகஸ்டில், அதே நிறுவனத்தின் பெயரில் ‘சோனிக் மேனியா’ வந்தது. அதன் பின்னால் நின்றவர்களில் முதன்மையானவர் கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற அவுஸ்திரேலியர். ரசிகராக இருந்துகொண்டே, பழைய சோனிக்கின் ஓட்டத்தையும் உருளலையும் அப்படியே பிடிக்கும் மென்பொருளைத் தானாக எழுதிப் பழகியவர் அவர். கடுமையான பழைய ரசிகர்களும் அந்த ஆட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஒரே நிறுவனம், ஒரே பாத்திரம், ஒரே பக்கவாட்டுக் காட்சி. ஒன்று கைவிட்டது, மற்றொன்று நிறைவு தந்தது. புதிய ஆட்டங்கள் பழைய தாவல் விளையாட்டுகளின் ரசிகரைத் திருப்திப்படுத்துமா என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். திருப்திப்படுத்த முடியும், ஆனால் அந்தத் திருப்தி இருப்பது கண்ணில் அல்ல, கட்டைவிரலில்.

தாவல் விளையாட்டு என்று இங்கே சொல்வது பிளாட்ஃபோமர் வகையை: மாரியோ, கொன்ட்ரா, அட்வெஞ்சர் ஐலண்ட் போல மேடைக்கு மேடை தாவி, பள்ளம் கடந்து, எதிரியை மிதித்தோ தாக்கியோ கடந்து செல்லும் ஆட்டங்கள். நின்டெண்டோ ஆட்டப் பெட்டியின் மலிவு நகல்கள் ‘டிவி கேம்’ என்ற பெயரோடு இலங்கைச் சந்தைக்கு வந்தபோதுதான் நம்மவர் பெரும்பாலோர் இவற்றைக் கண்டார்கள். உறையில் லட்சக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பார்த்தால் பத்திருபது ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். கணினி வகுப்புகளில் ‘டேஞ்சரஸ் டேவ்’ இருந்தது. ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் கணக்கு இன்னும் சற்று வேறு. தொழிலாளரின் லயன் அறைகளுக்கு மின்சாரம் நகரத்தைவிடப் பிந்தியே வந்தது. தொலைக்காட்சியும் அதன் பின்னரே. ஆகவே ஜப்பானில் 1985இல் பிறந்த ஆட்டம் ஸ்பிரிங்வெளியிலோ பசறையிலோ மடுல்சீமையிலோ வளர்ந்த ஒருவருக்கு 2000த்துக்குப் பிறகான பால்ய ஆட்டமாக இருக்க இடமுண்டு. அமெரிக்க ரசிகர் நாற்பத்தைந்து வயதில் எதை நினைத்து ஏங்குகிறாரோ அதை நினைத்து நம் பக்கத்து ரசிகர் முப்பதில் ஏங்கலாம். ‘பழைய ரசிகர்’ என்றால் தலை நரைத்தவர் என்று பொருளல்ல.

கட்டைவிரல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985 செப்டெம்பரில் வந்தபோது முழு ஆட்டமும் ஏறத்தாழ 40 கிலோபைட். இன்று கையடக்கத் தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் நூறில் ஒரு பங்களவு. அதற்குள் 32 கட்டங்கள். படம் காட்டி மயக்க இடமே இல்லாத அந்தச் சிறு பரப்பில் செய்தவர்கள் உழைப்பைக் கொட்டியது பாய்ச்சலில். பொத்தானைத் தொட்டு விட்டால் சிறு தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல், ஓடி வந்து தாவினால் நீளத் தாவல். அந்தரத்தில் இருக்கும்போதே சற்று முன்பின் திருப்பலாம், ஆனால் முழுவதும் அல்ல. ஓடி வந்தவர் சட்டென்று நிற்க முடியாது, கொஞ்சம் சறுக்குவார். முதல் நிமிடத்தில் கற்ற இந்த விதிகள் கடைசிக் கட்டம்வரை மாறுவதில்லை. அதனால்தான் விழுந்தவர் ஆட்டத்தைத் திட்டாமல் தன் அவசரத்தைத் திட்டினார். இந்த விதியில் ஒரு மயிரிழை பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்கு 2017இல் வந்த ‘கிராஷ் பாண்டிகூட்’ மறுபதிப்பு சாட்சி. பழைய மூன்று ஆட்டங்களை அதே கட்டங்களோடு புதிதாக வரைந்து தந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் முன்பு கண்ணை மூடிக்கொண்டு கடந்த பாலங்களில் பழைய ஆட்டக்காரர்கள் வரிசையாக விழுந்தார்கள். பாத்திரத்தைச் சூழ்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத எல்லை அடியில் வளைவாக அமைந்ததால் மேடை விளிம்பில் கால் பட்டும் வழுக்குகிறது என்று ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். தாவும் விதம் மூலத்திலிருந்து வேறுபடுவதை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. காட்சி முழுவதும் மாறியிருந்தும் அதைப் பற்றிப் பெரிய புகார் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பணமும் புகழ்பெற்ற பெயரும் இதை ஈடுசெய்யாது. ‘மெகா மேன்’ தொடரோடு நெடுங்காலம் பிணைந்திருந்த கெய்ஜி இனாஃபுனே, 2013இல் ‘மைட்டி நம்பர் 9’ செய்வதாகச் சொல்லி ரசிகர்களிடமே நிதி திரட்டினார். கிக்ஸ்டாட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் மட்டும் 38 லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. பலமுறை தள்ளிப்போய் 2016இல் வந்த ஆட்டம் உயிரில்லாமல் இருந்தது. அதே 2013இல், அதே வழியில், ‘ஷவல் நைட்’ என்ற ஆட்டத்துக்கு யோட் கிளப் என்ற சிறு குழு திரட்டியது ஏறத்தாழ 3 லட்சத்து 11 ஆயிரம் டொலர், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2014இல் வெளிவந்த அந்த ஆட்டம் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. பழைய நின்டெண்டோவின் தோற்றத்தை எடுத்துக்கொண்ட அவர்கள், திரையில் உருவங்கள் கூடினால் மினுங்கி மறையும் பழைய குறையை விட்டுவிட்டார்கள், நிறங்களைக் கூட்டினார்கள், திரையை அகலமாக்கினார்கள். மண்வெட்டியைக் கீழ்நோக்கிப் பிடித்து எதிரியின் தலையில் குதித்துக் குதித்துப் போகும் அந்த ஒரு அசைவை மட்டும் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தார்கள். ரசிகராக இருந்தவரே செய்பவராக மாறுவது இந்த வகையில் பழைய வழக்கம்தான். 1990 செப்டெம்பரில் ஜோன் கார்மக்கும் டொம் ஹோலும் ஓரிரவில் மாரியோ மூன்றாம் பாகத்தின் முதற்கட்டத்தைக் கணினியில் நகலெடுத்து, மாரியோ இருந்த இடத்தில் நண்பர் ஜோன் ரொமேரோவின் டேஞ்சரஸ் டேவை நிறுத்தினார்கள். அன்றைய கணினியில் முடியாது என்றிருந்த வழுவழுப்பான திரை நகர்வைக் காட்டியதுதான் அதன் சாதனை. அதைத் தொடர்ந்து செய்த மாரியோ மாதிரியை நின்டெண்டோ வேண்டாம் என்றது. அந்த இரவிலிருந்து ‘கொமாண்டர் கீன்’ ஆட்டம் பிறந்தது.

இதெல்லாம் வீண் பேச்சு, ரசிகர் ஏங்குவது தன் பன்னிரண்டு வயதுக்காக, அதை எந்த நிறுவனம் விற்கும் என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான எதிர்வாதம்தான்; பாதி உண்மையும் கூட. ஆனால் ஏக்கம் மட்டுமே காரணமென்றால் சோனிக் 4 அதைத் தணித்திருக்க வேண்டும். பால்யத்தைக் கிளறும் பொருளெல்லாம் அதில் இருந்ததே. தோட்டத்தில் காமன் கூத்து பார்க்க உட்காருகிறவருக்குக் கதை புதிதல்ல. சிவன் நெற்றிக்கண் திறப்பதும் காமன் எரிவதும் ரதி புலம்புவதும் ஆண்டுதோறும் வருபவை. உடையில் சரிகை கூடலாம், ஒலிபெருக்கி வரலாம், ரதி வேஷம் கட்டும் பிள்ளை மாறலாம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறவர் தப்புப் பறையின் அடி பிசகினால் பொறுக்கமாட்டார். அவருக்கு இருப்பது வெறும் ஏக்கமா? இல்லை, பயிற்சி பெற்ற காது. தாவல் ஆட்டத்தின் பழைய ரசிகருக்கும் அப்படியொரு பயிற்சி விரலில் இருக்கிறது. அவரைப் பழமைவிரும்பி என்று ஒதுக்குவது சோம்பேறித்தனமான விமர்சனம்.

அடுத்த முறைப்பாடு எதிர்த் திசையிலிருந்து, ரசிகர்களிடமிருந்தே வருகிறது. பழைய ஆட்டங்கள் கடினமாக இருந்தன, மூன்று உயிர் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், புதியவை குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டுகின்றன என்பது அது. 2018 ஜனவரியில் வந்த ‘செலஸ்ட்’ இதற்கு நல்ல பதில். மலையேறும் ஒரு பெண்ணின் கதை. விரல் நோகும் அளவுக்குக் கடினம். ஆனால் விழுந்த அடுத்த கணமே அதே திரையில் மறுபடி நிற்கலாம், உயிர்க்கணக்கு கிடையாது. அதைவிட நுட்பமான சலுகை கண்ணுக்குத் தெரியாதது. மேடை விளிம்பைத் தாண்டி நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கடந்த பின்னும் தாவல் பொத்தானை அழுத்தினால் ஆட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே அழுத்திவிட்டாலும் நினைவில் வைத்திருந்து, தொட்டதும் தாவவைக்கிறது. ஆடுபவருக்கு இது தெரியாது. தன் கை சரியாக வேலை செய்கிறது என்றே நினைப்பார். இது கடினத்தைக் குறைத்ததாகாது, அநியாயத்தைக் குறைத்தது. பழைய ஆட்டங்களின் கடினத்தில் ஒரு பகுதி காசு போட்டு ஆடும் கூடங்களிலிருந்து வந்த பழக்கம். இன்னொரு பகுதி, சிறிய ஆட்டத்தை நீண்ட நாள் ஆடவைக்கும் வழி. அன்றைக்கே இதில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. 1986இல் ஜப்பானில் வந்த மாரியோ இரண்டாம் பாகம் மிகக் கடினம் என்று கருதப்பட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்படவில்லை. ‘டோக்கி டோக்கி பானிக்’ என்ற வேறோர் ஆட்டத்தின் பாத்திரங்களை மாற்றி 1988இல் அதையே இரண்டாம் பாகமாக விற்றார்கள். எதிரியை மிதித்துக் கொல்லாமல், காய்கறி பிடுங்கி எறியும் ஆட்டம் அது. அமெரிக்கப் பிள்ளைகள் அதையும் மாரியோ என்றே ஏற்றுக்கொண்டார்கள். தாவல் கைக்கு இசைந்தால் ரசிகர் எவ்வளவு மாற்றத்தைத் தாங்குவார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பழையவையே இருக்கும்போது புதியது எதற்கு என்பவருக்குச் சுருக்கமான பதில் உண்டு. மனப்பாடமான கட்டத்தில் விரல் ஓடும், மனம் ஓடாது. அந்தக் கட்டங்களை முதன்முதலாகக் கண்டபோது இருந்த திகைப்பு புதிய கட்டத்தில்தான் கிடைக்கும். 2023 ஒக்டோபரில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ அதைத்தான் செய்தது. பழைய பாய்ச்சலை வைத்துக்கொண்டு, ஒரு பூவைத் தொட்டதும் குழாய்கள் புழுவாய் நெளியவும் கட்டமே தலைகீழாகவும் விட்டது. 1985 ஆட்டத்தைச் செய்தவர்களில் ஒருவரான தகாஷி தெசுகா அதன் தயாரிப்பாளர்.

என் மனத்தை உறுத்துவது வேறு. மேலே சொன்ன நல்ல ஆட்டங்களில் எது நம் பக்கத்து ரசிகரின் கைக்கு வருகிறது? வெளிவந்தபோது வொண்டரின் விலை 60 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 18,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் பதின்மூன்று நாளுக்கு மேற்பட்ட கொழுந்து அதற்கே போயிருக்கும். அதை ஆடும் கருவியின் விலை தனி. எஞ்சுவது கையடக்கத் தொலைபேசி. அதில் பொத்தான் இல்லை, வழவழப்பான கண்ணாடிதான். கட்டைவிரல் எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் தெரியாது. பார்த்தால் பள்ளம் தெரியாது. நின்டெண்டோவே இந்தச் சிக்கலை உணர்ந்து, 2016 டிசெம்பரில் ‘சூப்பர் மாரியோ ரன்’ வெளியிட்டபோது மாரியோவைத் தானாக ஓடவிட்டு, தொட்டால் தாவும்படி மட்டும் வைத்தது. கெட்டிக்காரத்தனமான தீர்வுதான்; ஆனால் நிற்கவும் திரும்பவும் தயங்கவும் இருந்த உரிமை ஆடுபவரிடமிருந்து போய்விட்டது. எப்போதும் இணைய இணைப்பும் வேண்டும் என்றார்கள். மலைச்சரிவில் அலைவரிசை தேடி வாசலுக்கும் வீதிக்கும் நடக்கும் இடங்களில் அதற்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்று அந்த நிறுவனமும் பின்னர் சொன்னது. ‘புதிய கேம் ஒன்றும் பழையது போல வராது’ என்று இங்கே ஒருவர் சொன்னால், அவர் ஒப்பிடுவது டிவி கேமை செலஸ்டோடு அல்ல, இடையிடையே விளம்பரம் குறுக்கிடும் இலவசத் தொலைபேசி ஆட்டத்தோடு. அந்த ஒப்பீட்டில் அவர் சொல்வது சரி. கைத்திறன் அற்றுப்போனதால் வந்த குறை அல்ல இது, விநியோகத்தின் குறை.

ஒன்றை மட்டும் புதிய ஆட்டங்களால் தர முடியாது என்று ஒப்புக்கொள்ளலாம். ஒரு தொலைக்காட்சி, இரண்டு பிடிகள், தன் முறைக்காகக் காத்திருக்கும் ஆறு பிள்ளைகள் என்ற ஏற்பாடு அந்தக் கால வறுமையின் விளைவு. நால்வர் சேர்ந்து ஆடும் வசதி வொண்டரில் இருக்கிறது, ஆனால் காத்திருந்து பார்த்துக் கற்கும் கூட்டத்தை மென்பொருளில் எழுத முடியாது. பாய்ச்சலின் கதை அப்படியல்ல. செலஸ்ட் பெரிய ஆட்டமாவதற்கு முன், 2015இல், மடி தோர்சனும் நோயல் பெரியும் நான்கே நாளில் அதன் சிறு வடிவத்தைச் செய்தார்கள். 30 திரைகள், திசை விசைகளோடு இன்னும் இரண்டே விசை. இணைய உலாவியில் இலவசமாக ஆடலாம். பழைய கணினியே போதும். ஹாலிஎலயிலோ ஸ்பிரிங்வெளியிலோ ஒரு பாடசாலைக் கணினி அறையில் இடைவேளையின்போது அதைத் திறந்து வைக்க எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை, பொறுப்பாசிரியர் சரி என்றால் போதும்.